விலை ஏற ஏற இறங்கிய கார்

கோயம்புத்தூர் கணபதியில் மாவு மில்லுக்குப் பின்னால் போகிற வீதியில் ஒரு பந்தயக் கார் தன் மதிப்பின் பாரம் தாங்காமல் பூமிக்குள் இறங்கியதே, அந்தக் காரின் சொந்தக்காரன் நான்தான். பெயர் நாச்சிமுத்து. பம்ப் செட்டுக்கு வார்ப்பு ஊற்றுகிற சின்னப் பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். பட்டறையில் என்னைக் கேட்காமலே எல்லாம் நடக்கும், வீட்டில் என்னைக் கேட்டும் ஒன்றும் நடக்காது என்கிற நிலையில் இருக்கும் ஆம்பளைகள் நாற்பது வயதுக்கு மேல் எதையாவது சேகரிக்க ஆரம்பிப்பார்கள். சிலர் தபால் தலை சேர்ப்பார்கள், சிலர் நோய்களைச் சேர்ப்பார்கள். நான் இந்தக் காரை வாங்கினேன்.

வால்பாறையில் ஒரு எஸ்டேட் பங்களாவின் கொட்டகையில், தேயிலைச் சாக்குகளுக்கு அடியில் படுத்திருந்தது. ஒற்றை ஆள் உட்காருகிற வண்டி. கிளிப்பச்சை நிறம், சுருட்டு மாதிரி நீண்ட உடம்பு, நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், கதவு கிடையாது, கூரை கிடையாது, முன் கண்ணாடி ஒரு சாண் அகலம். இங்கிலாந்தில் எப்போதோ மூடிப்போன ஒரு பட்டறையில் கையால் தட்டிச் செய்தது. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் அங்கே ஓடியது. ஜெயித்ததா என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்லாமல் சிரிப்பேன். அந்தச் சிரிப்பைப் பல நாள் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன். பொய் சொன்ன மாதிரியும் இருக்காது, ஜெயிக்காத மாதிரியும் இருக்காது.

அந்தக் காரில் நான் உட்கார்ந்ததே இல்லை. "இதையெல்லாம் ஓட்டக்கூடாதுங்க, பார்க்கணும்" என்று வருகிறவர்களிடம் சொல்வேன். என் இடுப்பு அதற்குள் போகாது என்பதுதான் விஷயம். முன் சக்கரத்தின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, புலி சுட்ட ஜமீன்தார் மாதிரி போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி.

மதிப்புப் போடுவதற்காகச் சென்னையிலிருந்து பத்ரிநாராயணன் என்பவரை வரவழைத்தேன். பழைய கார்களுக்கு விலை சொல்வதே அவருக்குத் தொழில். மெலிந்த, மிருதுவான மனிதர். ஷெட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட்டார். பூதக்கண்ணாடியால் ஆணிகளைப் பார்த்தார், விரல் முட்டியால் தகரத்தைத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார், பெட்ரோல் டேங்க்கின் மூடியைத் திறந்து கண்ணை மூடி முகர்ந்தார். பிறகு என் தோளில் கை வைத்து, "சார், ஒரு ஆணிகூட மாத்தல. இப்படி ஒண்ணு இந்தியாவிலேயே இல்ல" என்று சொல்லி, தொகையை என் காதுக்குள் சொன்னார். அவர் சொல்லி வாயை மூடுவதற்கு முன்னால், காரின் நாலு சக்கரத்துக்கும் அடியில் தரைக்கல் படீரென்று வெடித்தது.

அவர் குனிந்து பார்த்து, "நல்ல பொருள்னா அப்படித்தான்" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மறுநாள் கல் மாற்ற வந்த கொத்தனாரும், விலை ஏறினால் எடை ஏறத்தானே செய்யும், தங்கமும் அப்படித்தானே என்று சொல்லிவிட்டுச் சிமெண்ட் குழைத்தார். கார் கனத்துப்போனதைப் பற்றி எங்கள் வீதியில் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய வேறு காரியங்கள் அவர்களுக்கு இருந்தன.

நான்தான் சும்மா இருக்கவில்லை. பழைய கார்ச் சங்கத்துக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்கள் வாயைப் பிளந்தார்கள், டயர் பாதி புதைந்தது. ஒருவர் பொறாமையில் பெருமூச்சு விட்டார், அச்சு வரை போய்விட்டது. நான் காபி கொடுத்தபடி அந்தச் சிரிப்பைச் சிரித்தேன், இன்னொரு விரற்கடை இறங்கியது. கிரேன் கொண்டு வந்து தூக்கிப் பார்த்தோம். காருக்குப் பதில் கிரேனின் பின் சக்கரங்கள்தான் தரையை விட்டு மேலே வந்தன. வீதி சாய்வதாகப் புகார் போய் ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். நல்ல மனிதர், ஆனால் ரசனை உள்ளவர். ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து "அடடா" என்றார். அந்த ஒரு அடடாவில் எங்கள் வாசல் கேட்டை மூட முடியாமல் போயிற்று.

வீதி மெல்ல எங்கள் வீட்டுப் பக்கம் சாய்ந்தது. மேற்கே யார் வீட்டில் எலுமிச்சம்பழம் கீழே விழுந்தாலும் அது உருண்டு எங்கள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது; பென்சிலும் பம்பரமும் ஒரு முறை குக்கர் மூடியும் வந்தன; சாந்தாமணி, என் மனைவி, எல்லாவற்றையும் ஒரு அன்னக்கூடையில் போட்டு வாசலில் வைத்தாள், தொலைத்தவர்கள் மாலையில் வந்து எடுத்துக்கொண்டார்கள். கட்டில்களின் ஒரு பக்கக் காலுக்கு மரக்கட்டை வைத்துப் படுத்தார்கள். தோசை ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து வந்தது; தடித்த பக்கம் பிள்ளைகளுக்கு, மெலிந்த பக்கம் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இஸ்திரி போடுகிற சடையப்பன் காலையில் தள்ளுவண்டியைத் தள்ளாமலே அது தானாக உருண்டு எங்கள் வாசலுக்கு வர, கூடவே கையை வீசிக்கொண்டு நடந்து வந்தான். "அண்ணனோட காரு வந்ததுல எனக்குக் கொஞ்சம் லாபமுங்க" என்றான்.

நஷ்டம் ஜெபமணி டீச்சருக்குத்தான். எங்கள் அடுத்த வீடு. பாளையங்கோட்டையிலிருந்து வேலைக்கு வந்து, வீதியில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கிறார். அவர் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் விழுந்து, ஜன்னலிலிருந்து கிளம்பி மெதுவாகச் சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தது. வாசற்கதவை ரெண்டு பேர் தோள் கொடுத்தால்தான் திறக்க முடிந்தது.

"தம்பி, ஒங்க காரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மழைக்காலம் வருது. சுவரு வுழுந்தா நான் உள்ள இருப்பேன். அதை மட்டும் யோசிச்சுக்கிடுங்க" என்றார்.

யோசித்தேன். டீச்சர் வீட்டுச் சுவருக்கு முட்டுக் கொடுக்க ரெண்டு சவுக்குக் கம்பம் அனுப்பிவிட்டு, காருக்கு ஒரு புது வெல்வெட் உறை தைக்கக் கொடுத்தேன். என் யோசனையின் லட்சணம் அது.

உறை வந்த அன்று காலையில்தான் சாந்தாமணி வெடித்தாள். அவள் கோபக்காரி அல்ல. இருபத்தைந்து வருஷமாக மொபெட்டில் போய்ச் சந்தையில் காய் வாங்கி, பட்டறைக்குச் சாப்பாடு கொடுத்து, என்னையும் பொறுத்துக்கொண்டு வந்தவள். அன்றைக்கு மூட்டையோடு வந்து சாய்வான வாசலில் வழுக்கி, தக்காளி எல்லாம் காரை நோக்கி உருண்டு ஓடியது. அவள் எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்கெல்லாம் ஒரு காருங்களா? ஒரு கத்திரிக்கா வாங்கியார யோக்கியதை இருக்குதுங்களா? கூரை இல்ல, கதவு இல்ல, பை வெக்க இடமில்ல. மழை வந்தா நனைவீங்க, வெயிலடிச்சாக் காய்வீங்க. எங்கப்பன் ஊட்டு எருமைகூட உங்களைவிட மேலுங்க, அது சாணியாச்சும் போடும்."

கோபத்திலும் அவளுக்கு 'ங்க' விட்டுப்போகாது. எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. ஆனால் சொன்னது அத்தனையும் அடிவயிற்றிலிருந்து வந்தது. கார் முனகியது. நாலு சக்கரமும் ஒரு சாண் மேலே வந்தன. உருண்டுகொண்டிருந்த கடைசித் தக்காளி நின்றது.

அரை மணி நேரத்தில் வீதிக்கே தெரிந்துவிட்டது, திட்டினால் கார் எழும்பும் என்று. மறுநாள் பால் காய்ச்சின கையோடு ஆளுக்கொரு நாற்காலியோடு எங்கள் ஷெட்டு வாசலில் கூடினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. இருந்தாலும் டீச்சர் வீடு. நாற்காலி இல்லாமல் வந்தவர்களுக்குப் பெஞ்சு போட்டுக் கொடுத்தேன்.

ஆனால் மரியாதையில் ஊறின ஜனங்களுக்குத் திட்டுவது சுலபமில்லை. முதல் நாள் ஒருத்தர், "தப்பா எடுத்துக்காதீங்க காரு, நீங்க ஒண்ணும் அவ்வளவு அழகில்லீங்க" என்று சொல்லிவிட்டு வியர்த்துப்போனார். சடையப்பன் தொண்டையைச் செருமி, "உங்க கலரு எனக்குப் புடிக்கலீங்க" என்றான். மனசிலிருந்து வந்த வசவுக்குத்தான் கார் அசைந்தது, வாயிலிருந்து வந்ததற்கு அசையவில்லை. சிலர் காரைப் பார்த்து மச்சானைத் திட்டினார்கள், மேனேஜரைத் திட்டினார்கள், முப்பது வருஷத்துக்கு முன்னால் பாகப் பிரிவினையில் கிணற்றை எடுத்துக்கொண்ட அண்ணனைத் திட்டினார்கள். அதற்கும் கார் அசையவில்லை, ஆனால் திட்டியவர்கள் லேசாகி வீட்டுக்குப் போனார்கள். ரத்தக்கொதிப்பு இறங்கியதாக ரெண்டு பேர் சொன்னார்கள். பக்கத்து வீதியிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வாசலில் சுண்டல் விற்றது. மேலே வந்த சக்கரத்தை ஆளாளுக்குத் துடைத்தார்கள், திட்டி முடித்தபின் ஒரு பாட்டம் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நானும் திட்டிப் பார்த்தேன். எல்லாரும் போன பிறகு காருக்கு முன்னால் நின்று, "நீ ஒரு துருப்புடிச்ச தகரம்" என்றேன். சொல்லும்போதே அந்தத் தகரத்தில் ஆணிகள் எவ்வளவு நேர்த்தியாக வரிசை போட்டிருக்கின்றன என்று கண் போயிற்று. மூன்று விரற்கடை இறங்கிவிட்டது. காலையில் ஊரே கூடி எழுப்பியதில் பாதியை நான் ஒருத்தனாக இறக்கியிருந்தேன். அதன் பிறகு என்னை ஷெட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஐப்பசி மழை ஒரு முற்பகலில் கொட்ட ஆரம்பித்தது. வீதித் தண்ணீர் எல்லாம் சாய்வில் எங்கள் பக்கம் ஓடி வந்து, டீச்சர் வீட்டு வாசற்படி தாண்டி உள்ளே போனது. விரிசல் விரிந்தது. சவுக்குக் கம்பங்கள் வில் மாதிரி வளைந்தன. கதவு நிலையோடு இறுகிப்போய் ஐந்து பேர் தள்ளியும் அசையவில்லை. தீயணைப்பு வண்டிக்குச் சொன்னோம், வழியில் மரம் விழுந்து கிடப்பதால் நேரமாகும் என்றார்கள். டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றபடி, வகுப்பறைக் குரலில், "யாரும் கலவரப்படாதீங்க. வரிசையா நின்னு திட்டுங்க" என்றார்.

குடையும் சாக்குமாக எல்லாரும் ஷெட்டுக்கு ஓடினார்கள். திட்டினார்கள். உரக்கத் திட்டினார்கள். கார் எழும்பவில்லை. இறங்கியது.

தினமும் வந்து உட்கார்ந்து, துடைத்து, தட்டிக்கொடுத்து, மனசிலிருப்பதை எல்லாம் அதனிடம் கொட்டி, வீதி முழுக்க அந்தக் காரின் மேல் ஆசை வைத்துவிட்டது. அது அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. சடையப்பன் "உங்க கலரு..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டான். எல்லாரும் சாந்தாமணியைப் பார்த்தார்கள். அவள் முன்னால் வந்து, "எருமைகூட உங்களைவிட மேலுங்க" என்றாள். கார் தடாலென்று இறங்கியது. அவள் கையை வாயில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, எனக்கும் புடிச்சுப்போச்சுங்க" என்றாள்.

டீச்சர் வீட்டில் ஒரு செங்கல் விழுகிற சத்தம் கேட்டது. அதுவரை அந்தச் சுவர் எனக்குப் பேச்சில்தான் இருந்தது. இப்போது அதற்குப் பின்னால் ஒரு மனுஷி ஈரக்காலோடு நிற்கிறார். எஞ்சினைக் கிளப்பிப் பின்னால் எடுத்தால் குழியை விட்டு ஏறுமோ என்று ஒரு எண்ணம். வேறு ஒன்றும் தோன்றவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, என் காருக்குள் இறங்கினேன்.

ஒரு கால் போயிற்று. இன்னொரு கால் வெளியே நின்றது. இடுப்பு பாதி வழியில் சிக்கியது. மூச்சை அடக்கி உந்தினேன், தகரம் கிரீச்சென்று விரிந்தது, ஸ்டியரிங் தொப்பைக்குள் போய் ஒளிந்துகொண்டது. மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. சட்டையில் மூன்று பித்தான் தெறித்து ஒன்று கூட்டத்தில் யாருடைய குடையிலோ 'டொப்' என்று விழுந்தது. கையை எட்டி ஸ்டார்ட்டரை அமுக்கினேன். கார் ஒரு தும்மல் தும்மியது. அவ்வளவு வருஷத்துக் கரியும் என் முகத்தில் வந்து அப்பியது. அந்த நிலையிலும் ஜனங்கள் பார்க்கிறார்களே என்று, பழக்க தோஷத்தில், நான் அந்தச் சிரிப்பைச் சிரித்தேன்.

முதலில் சிரித்தது ஜெபமணி டீச்சர்தான். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்திருக்கிறது. "ஏ அய்யா!" என்று ஒரு சத்தம், அதன் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பு. பிறகு சாந்தாமணி. அவள் சிரிக்கக்கூடாது என்று முந்தானையைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சடையப்பன், பிறகு வீதி, பிறகு சுண்டல்காரர். மழைச் சத்தத்தை மீறி எழுந்த சிரிப்பு. முதலில் எனக்குக் கண்ணீர் வந்தது. பிறகு கறுப்பு முகத்தோடும் வெளியே தொங்குகிற ஒரு காலோடும் நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரிந்தது. அடக்க முடியாமல் நானும் சிரித்தேன்.

எண்ணெயில் போட்ட உளுந்து வடை மாதிரி கார் மேலே வந்தது. குழியை விட்டு வந்து, தரைக்கு வந்து, தரையிலும் நிற்காமல் லேசாக ஆடியது. நாலே பேர், நான் உள்ளே இருக்க, கல்யாணப் பல்லக்கு மாதிரி தூக்கிக்கொண்டு வீதிக்கு வந்தார்கள். வீதி பெருமூச்சு விட்ட மாதிரி நிமிர்ந்தது. தண்ணீர் வந்த வழியே திரும்பி ஓடியது. டீச்சர் வீட்டுக் கதவு தானாகத் திறந்துகொள்ள, அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

மழை விடுகிற வரை என்னை எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். நான் உள்ளே இருக்கும்வரை கார் கனக்காது என்பது அவர்கள் கணக்கு. எனக்கு உப்புமா கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள். புதிதாக வந்தவர்கள் குடையோடு நின்று ஒரு முறை சிரித்துவிட்டுப் போனார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் நல்லெண்ணெய் ஊற்றி என்னை உருவி எடுத்தார்கள். டீச்சர் வீட்டுச் சுவரைப் புதிதாக எடுத்துக் கட்டினேன், அவர் கிட்டேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து சுவர் நேராக வருகிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

பத்ரிநாராயணன் மறுபடி வந்தார். இந்த முறையும் செருப்பைக் கழற்றினார், ஆனால் இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி. விரிந்த தகரத்தைத் தடவினார், எண்ணெய்க் கறையை முகர்ந்தார், "சார், உங்க வயிறு இதோட அசலைக் கெடுத்துடுச்சு" என்று மிருதுவாகச் சொன்னார். இனி இதற்கு மதிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லையாம். அவர் போன பிறகு எனக்கு அழுகை வரும் என்று வெகுநேரம் வாசல் திண்டுக்கட்டையில் சாய்ந்து காத்திருந்தேன். பசிதான் வந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சாந்தாமணி காருக்குள் உட்கார்ந்திருந்தாள். என் வயிறு விரித்த இடத்தில் அவளுக்குத் தாராளமாக இடம் இருந்தது. ரெண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, மொபெட்டில் சந்தைக்குப் போகும்போது வைத்துக்கொள்கிற அதே முகத்தோடு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கீங்க இருக்குது கிளட்சு?" என்றாள்.

தை மாதம் ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடத்தில் பழைய கார்களுக்கு ஒரு ஓட்டம் வைத்தார்கள். வீதியே வேன் பிடித்து வந்தது. ஓட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு காரையும் எடை மேடையில் ஏற்றிப் பார்ப்பார்கள். எங்கள் கார் ஏறியபோது என்னை அங்கே நிற்க வேண்டாம் என்று சடையப்பன் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஒரு வேப்பமரத்தைப் பார்த்து நிற்க வைத்தான். நான் பட்டறையின் கரண்டு பில்லை நினைத்துக்கொண்டு நின்றேன். எடை சரியாக இருந்தது.

சாந்தாமணி தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். கார் கத்திக்கொண்டே போயிற்று, அந்தக் கார் கத்தி நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் நின்ற பட்டுச்சட்டைக்காரர் ஒருத்தர், "சார், பச்சைக் காரு உங்களுதா? என்ன மதிப்பு வரும்?" என்றார். நான் வாயைத் திறந்தேன். டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஓடுதுங்க" என்றேன்.

எல்லாரும் வந்து சேர்ந்து, தண்ணீர் குடித்து, முகம் துடைத்து, கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது கடைசியாக அவள் வந்தாள். வண்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. எங்கள் பக்கம் வருவாள் என்று கையை நீட்டிக்கொண்டு நாங்கள் ஓடினோம். அவள் எங்களைத் தாண்டி, கொடி வைத்துக்கொண்டு நின்ற ஆளிடம் நேராகப் போனாள்.

"ஏனுங்க தம்பி, அடுத்தது எப்பங்க?" என்று கேட்டாள்.